பரிசல்: வடிவமும் உழைப்பும்

தமிழகத்தின் காவிரியிலும் கருநாடகத்தின் துங்கபத்திரையிலும் இன்றும் வழக்கிலுள்ள வட்டக் கூடைப்படகே பரிசல். முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடற்ற இவ்வடிவத்தைப் பின்தங்கிய நிலையின் எச்சமாகக் காண்போரும், கிராமிய எளிமையின் சின்னமாகப் போற்றுவோரும் உளர். இவ்விரு நோக்குகளுமே பரிசலை ஆக்கிய உழைப்பை மறைத்துவிடுகின்றன என்பது நமது கருத்தாகும்.

முதலில் அமைப்பை நோக்குவோம். மூங்கிலைப் பிளந்து சீவிய பட்டைகளை நிலத்திலே குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி அடிப்பாகம் பின்னப்படுகின்றது. வெளியே நீண்டு நிற்கும் நுனிகளை மேல்நோக்கி வளைத்துப் பக்கங்களைப் பின்னி, விளிம்பை மூங்கில் வளையத்தால் இறுக்குவர். இவ்வாறு உருவாகும் கூடை பொதுவாக இரண்டு மீற்றரளவு குறுக்களவுடையது. முன்னர் அதன்மேல் மாட்டுத்தோல் போர்த்தப்பட்டது. இன்று பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன.

இவ்வடிவம் தற்செயலானதன்று. அடிப்பாகம் தட்டையாதலின் ஆழங்குறைந்த நீரிலும் பரிசல் மிதக்கும். பாறையில் மோதினால் வளைந்து கொடுத்து, சுழன்று விலகும். கரையேறியதும் ஒருவரே அதைக் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். பாறைகள் மலிந்த ஆற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கடந்தோரின் அனுபவ அறிவே இங்கு வடிவம் பெற்றுள்ளது.

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விசயநகரத்தைக் கண்ட போர்த்துக்கேயரான டொமிங்கோ பாயெஸ், அங்கு மக்கள் ஆற்றைக் கடக்கப் பயன்படுத்திய வட்டப்படகுகளை விவரித்துள்ளார். உள்ளே பிரம்பும் வெளியே தோலும் கொண்ட அவை 15 அல்லது 20 பேரை ஏற்றின என்றும், வேண்டியவிடத்துக் குதிரைகளும் எருதுகளும் அவற்றிலே கடந்தன என்றும் அவர் கூறுகின்றார். பேரரசொன்றின் தலைநகரே கூடைப்படகை நம்பியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் அத்தோல் எங்கிருந்து வந்தது? இறந்த மாட்டை உரிப்பதும் தோலைப் பதனிடுவதும் சாதியமைப்பின்கீழ் ஒடுக்கப்பட்டோர் மீது சுமத்தப்பட்ட தொழில்களாகும். அவர்களைத் தீண்டத்தகாதோரென ஒதுக்கிய சமூகமே, அவர்களது கைபட்ட தோலின்மீது அமர்ந்து ஆற்றைக் கடந்தது. உற்பத்தியில் இன்றியமையாதோர் சமூகத்தில் விலக்கப்பட்டோராயிருந்த முரண்பாட்டைப் பரிசலைப் போலத் தெளிவாகக் காட்டும் பொருள்கள் சிலவே.

பாலங்கள் பெருகியபின் பரிசலின் பயன்பாடு சுருங்கியது. ஒகேனக்கலில் அது இன்று சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கின்றது. பயணி விலைகொடுத்துப் பெறுவது ஒரு காட்சியை. துடுப்பு வலிப்பவருக்கோ அது அன்றாடப் பிழைப்பு. எனவே, பரிசலை நூதனசாலைப் பொருளாக மாத்திரம் பேணுவது போதாது. அதைப் பின்னியவர், தோல் போர்த்தவர், செலுத்தியவர் ஆகியோரின் வரலாற்றையும் சேர்த்து எழுதுவதே ஆய்வாளரது கடமையாகும்.