600 ஹெச்.பி. பிக்-அப் டிரக்... தினமும் ஓட்ட எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்கும்?

அமெரிக்காவில் 'டிரக்' என்றால் நம்மூர் லாரி இல்லை. முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்-அப் வண்டி. ஆபீஸ் போக, சாமான் ஏற்ற, லீவு நாளில் படகை இழுத்துட்டுப் போக என எல்லாத்துக்கும் அந்த ஒரே வண்டிதான். அதன் என்ஜினில் டர்போ மாட்டி, ட்யூனிங் செய்து பவரை இரண்டு மடங்காக்குவது அங்கே பலருக்குப் பெரிய பொழுதுபோக்கு.

ஆனால், என்ஜின் பவரை ஏற்றியதும் அடுத்து அடி வாங்குவது அதன் பின்னால் இருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். தப்பானதைத் தேர்வு செய்தால் பல ஆயிரம் டாலர் வீண். நெடுஞ்சாலையில் டிரெய்லரோடு நடுவழியில் நிற்கவும் நேரிடும். சரியானதை எப்படித் தேர்வு செய்வது? அங்கே அதிகம் மாற்றியமைக்கப்படும் வண்டிகளில் ஒன்றான, 2000-களின் தொடக்கத்தில் வந்த செவர்லே சில்வராடோ 1500-ஐ வைத்தே பார்க்கலாம்.

சில்வராடோவில் என்ன சிக்கல்?

5.3 லிட்டர் வி8 என்ஜின். கம்பெனியிலிருந்து வரும்போது பவர் 300 ஹெச்.பி.க்கும் கீழேதான். அதோடு வரும் கியர்பாக்ஸின் பெயர் 4எல்60ஈ. பெயரிலேயே விவரம் இருக்கிறது. 4 என்பது நான்கு கியர், எல் என்பது வண்டியின் நீளவாக்கில் பொருத்தப்படுவது, 60 என்பது வலிமையை ஒப்பிடும் எண், ஈ என்பது எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு.

இந்தக் கியர்பாக்ஸ் சுமார் 490 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. டர்போ மாட்டி 600 ஹெச்.பி.யைத் தொட்டால், டார்க் 800 நியூட்டன் மீட்டர் பக்கம் போய்விடும். அப்போது முதலில் கருகுவது மூன்றாவது, நான்காவது கியர்களுக்கான கிளட்ச் தட்டுகள். 'சன் ஷெல்' என்ற பாகத்தின் பற்கள் தேய்ந்துபோனால் இரண்டாவது கியர், நான்காவது கியர், ரிவர்ஸ் மூன்றுமே ஒரே நேரத்தில் காணாமல் போகும்.

ஹெச்.பி.யை மட்டும் பார்த்து வாங்கலாமா?

கூடாது. '800 ஹெச்.பி. தாங்கும்' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்குவது பாதி கணக்குதான். இரண்டு விஷயங்கள் அதில் விட்டுப்போகின்றன.

ஒன்று, கியர்பாக்ஸ் மேல் விழும் அடி டார்க்கின் அடி. வண்டி நகரத் தொடங்கும் நொடியில் டார்க் கன்வெர்ட்டர் அந்த விசையை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருக்கியும் அனுப்பும்.

இரண்டு, வண்டியின் எடை. லேசான காரில் ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதித்தால் டயர் வழுக்கிச் சுற்றும், அதிர்ச்சியில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஃபோர் வீல் டிரைவ் டிரக்கில் டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்த அடி முழுவதும் கிளட்ச் தட்டுகள் மேலேயே விழும். அதனால் காரில் தாங்கிய கியர்பாக்ஸ் டிரக்கிலும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

சரி, என்னென்ன சாய்ஸ் இருக்கு?

1. இருப்பதையே பலப்படுத்துவது: 4எல்60ஈ-க்குள் கூடுதல் கிளட்ச் தட்டுகள், வலுவான சன் ஷெல் போட்டுக்கொள்ளலாம். வண்டியில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஓரளவு பவர் கூட்டியவர்களுக்கு இது போதும். ஆனால் கனமான டிரக், 600 ஹெச்.பி., டிரெய்லர் மூணும் சேர்ந்தால் எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

2. டி.எச்.400: 1964-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய மூன்று கியர் பெட்டி. வலிமைக்குப் பெயர்போனது. ரோல்ஸ் ராய்ஸ், ஃபெராரி கார்களிலேயே இதைப் பொருத்தியிருக்கிறார்கள். எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு தேவையில்லை, விலையும் குறைவு. டிராக் ரேஸ்காரர்களின் செல்லப்பிள்ளை. ஆனால் ஓவர்டிரைவ் கியர் இல்லை, கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் 'லாக்-அப்' வசதியும் இல்லை.

3. 4எல்80ஈ: டி.எச்.400-ன் அடிப்படையில் உருவாகி 1991 மாடல்களில் வந்தது. அதோடு ஓவர்டிரைவ், லாக்-அப், எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு மூன்றும் சேர்ந்தன. கம்பெனி கணக்கே சுமார் 600 நியூட்டன் மீட்டர். அதுவும் பாரம் ஏற்றும் ஹெவி டியூட்டி டிரக்குகளுக்கான கணக்கு. உள்பாகங்களைப் பலப்படுத்தினால் அதைவிட மிக அதிகமாகத் தாங்கும்.

4. 6எல்80, 6எல்90: புதிய தலைமுறை ஆறு கியர் பெட்டிகள். இரண்டில் 6எல்90 வலுவானது. முதல் கியர் விகிதம் 4.03 என்பதால் புறப்படும் வேகம் அருமை. ஆனால் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பழைய டிரக்கில் பொருத்த வயரிங், சாஃப்ட்வேர் வேலை அதிகம்.

தினசரி ஓட்டத்துக்கு ஓவர்டிரைவ் ஏன் முக்கியம்?

ஒரு சின்ன கணக்கு. 31 அங்குல டயர், பின் ஆக்ஸில் விகிதம் 3.73 உள்ள டிரக் மணிக்கு 112 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டி.எச்.400-ன் டாப் கியரில் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,800 முறை சுற்றும். கன்வெர்ட்டர் வழுக்கல் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 4எல்80ஈ-யின் 0.75 ஓவர்டிரைவில் அதே வேகத்துக்குச் சுமார் 2,100 போதும். 6எல்90-ல் 1,900-க்கும் கீழே.

தினமும் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இந்த 700 சுற்று என்பது பெட்ரோல் செலவு, இரைச்சல், என்ஜின் தேய்மானம் எல்லாம்தான். ரேஸில் ஜெயிக்கும் கியர்பாக்ஸ் ஆபீஸுக்குப் போக எரிச்சலூட்டுவது இதனால்தான்.

4எல்80ஈ-யில் குறையே இல்லையா?

இருக்கு. 4எல்60ஈ-யைவிடச் சுமார் 40 கிலோ எடை கூடுதல், நீளமும் அதிகம். அதனால் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்தணும், டிரைவ் ஷாஃப்ட்டைக் குட்டையாக்கணும். கம்ப்யூட்டரையும் அதற்கேற்ப மாற்றி எழுதணும். செலவைக் கணக்கு போடும்போது இந்த வேலைகளையும் சேர்த்தே போட வேண்டும்.

முதல் கியர் விகிதமும் குறைவு. 4எல்60ஈ-யில் 3.06, இதில் 2.48. அதனால் சிக்னலிலிருந்து கிளம்பும்போது வண்டி கொஞ்சம் மந்தமாகத் தெரியலாம். ஆக்ஸில் விகிதத்தை 4.10 ஆக மாற்றினால் அந்தக் குறை ஓரளவு சரியாகும்.

பழைய பெட்டி வாங்குவதாக இருந்தால் 1997 மாடலோ அதற்குப் பிறகு வந்ததோ நல்லது. அந்த ஆண்டில் ஆயில் திரும்பி வரும் வழி பின்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. பின்புற பாகங்களுக்கு ஆயில் நன்றாகப் போய்ச் சேரும்.

உண்மையான வில்லன் யார்?

சூடு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள் பெரும்பாலும் உடைந்து சாவதில்லை, வெந்து சாகின்றன. ஆயில் சாதாரணமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருப்பது நல்லது. 120 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் ஆயில் கெடும், ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும். வழுக்க வழுக்க இன்னும் சூடு ஏறும்.

இந்தச் சூட்டின் பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரில்தான் உருவாகிறது. ரேஸுக்கான 'ஹை ஸ்டால்' கன்வெர்ட்டர் என்ஜினை அதிக வேகத்துக்குச் சுற்றவிட்ட பிறகே வண்டியை முழுசாகப் பிடித்துத் தள்ளும். டிராஃபிக்கிலும், டிரெய்லர் இழுக்கும்போதும் அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறும். எனவே தினசரி டிரக்குக்கு அளவான ஸ்டால், வலுவான லாக்-அப் கிளட்ச் உள்ள கன்வெர்ட்டர்தான் பொருத்தம்.

காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

* என்ஜின் டார்க், வண்டி எடை, டயர் அளவு, ஆக்ஸில் விகிதம், இழுக்கும் பாரம் ஆகிய ஐந்தையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஹெச்.பி.யை மட்டும் கேட்டுவிட்டு விலை சொல்பவரிடம் உஷாரா இருங்க.

* உள்ளே எந்தெந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன என்று எழுதி வாங்குங்கள்.

* ஃபேன் வைத்த தனி ஆயில் கூலரும், ஆயில் வெப்பநிலை காட்டும் மீட்டரும் பட்ஜெட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

* பழைய கியர்பாக்ஸ் என்றால் அடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். உலோகத் துகள்கள், கருகிய வாசனை இருந்தால் வேண்டாம்.

* பழைய கியர்பாக்ஸ் கருகியிருந்தால், பழைய கூலரையும் மாற்றிவிடுங்கள். அதில் தங்கிய துகள்கள் புதியதையும் கெடுத்துவிடும்.

அப்போ எதுதான் பெஸ்ட்?

வார இறுதியில் ரேஸ் மட்டும் என்றால் டி.எச்.400. 400 ஹெச்.பி. அளவோடு நிறுத்திக்கொள்பவருக்கு, நன்றாகப் பலப்படுத்திய 4எல்60ஈ. வயரிங், சாஃப்ட்வேர் செலவுக்குத் தயார் என்றால் 6எல்90. 600 ஹெச்.பி. வைத்துக்கொண்டு தினமும் ஆபீஸ் போய்வர, அவ்வப்போது டிரெய்லர் இழுக்க என்றால் பலப்படுத்திய 4எல்80ஈ, அளவான கன்வெர்ட்டர், பெரிய கூலர். பட்ஜெட் இடித்தால் டர்போவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கலாம். கூலரைத் தள்ளி வைக்காதீங்க!