இழுவை டிரக்குகளில் கியர்ப்பெட்டி உஷ்ணமானி அமைத்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியிலுள்ள பண்ணைக்காரர்கள் மாடுகளையும், வைக்கோல் கட்டுகளையும், உழவு யந்திரங்களையும் டிரெய்லர்களில் ஏற்றி, பிக்கப் என்னும் இலகு டிரக்குகளைக் கொண்டு இழுத்துச் செல்வது வழக்கம். ஏறக்குறைய 1,200 பவுண்டு எடையுள்ள பசுக்கள் 8 ஏற்றப்படுமாயின் அவற்றின் எடை மட்டுமே 9,600 பவுண்டாகும். டிரெய்லரின் எடை வேறு. இவ்வளவு பாரத்தை வேனிற்காலத்தில் மலைப்பாதையில் இழுக்கும்போது எஞ்சினைப் பற்றிக் கவலை கொள்வோர் பலர். கியர்ப்பெட்டியைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஆயினும், கியர்ப்பெட்டி பழுதுற்றால் அதைப் புதுப்பிக்கப் பல ஆயிரம் டாலர் செலவாகும். அன்றியும், நிழலும் நீரும் இல்லாத பாதையில் வண்டி நின்றுவிடின், உள்ளே அடைபட்ட கால்நடைகளின் உயிருக்கே அபாயம் நேரிடக்கூடும். இக்கேட்டை முன்கூட்டியே அறிவிக்கும் எளிய சாதனம் கியர்ப்பெட்டி உஷ்ணமானியாகும். அதை எங்கே, எவ்விதம் அமைக்க வேண்டும் என்பதும், அது காட்டுவதை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதும் கீழே விவரிக்கப்படுகின்றன.

உஷ்ணம் உண்டாகும் விதம்

ஓட்டுநர் கையால் கியர் மாற்றும் வண்டிகளில் எஞ்சினின் சக்தி, கிளச்சுத் தட்டுகளின் நேரான பிடிப்பினால் சக்கரங்களுக்குச் செல்கிறது. தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகளிலோ, அச்சக்தி எண்ணெயின் வழியாகச் செல்கிறது. இவ்வகைக் கியர்ப்பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ராமாட்டிக்' என்ற பெயரால் பெருவாரியாகப் புகுத்தினர். தற்காலத்து டிரக்குகளில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே 'டார்க் கன்வர்ட்டர்' என்னும் உறுப்பு இருக்கிறது. எண்ணெய் நிறைந்த ஒரு கூட்டினுள் இரண்டு விசிறிகளை எதிரெதிரே வைத்தாற்போன்றது அதன் அமைப்பு. எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. அதனால் வீசப்படும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது.

சமவெளியில் சீரான வேகத்தில் செல்லும்போது இவ்விரண்டையும் ஒரு கிளச்சு ஒன்றாகப் பூட்டிவிடும். அப்பொழுது நழுவுதல் இல்லை, உஷ்ணமும் குறைவு. மேட்டில் மெதுவாக ஏறும்போதோ, கனத்த பாரத்துடன் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதோ, அப்பூட்டு விடுபட்டிருக்கும். ஒரு விசிறி வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழலும். இந்த வேற்றுமையினால் வீணாகும் சக்தி முழுவதும் எண்ணெயில் உஷ்ணமாக மாறுகிறது. சூடேறிய எண்ணெய் ஒரு குழாய் வழியே ரேடியேட்டரின் பக்கத்தொட்டிக்குச் சென்று ஆறி, மற்றொரு குழாய் வழியே திரும்பி வருகிறது. பாரம் மிகுமிடத்து இந்த ஆற்றுதல் போதாமற் போகிறது.

உஷ்ணத்தால் விளையும் கேடு

175 பாரன்ஹீட் டிகிரி, அதாவது ஏறக்குறைய 80 சென்டிகிரேடு, எண்ணெய்க்கு இதமான உஷ்ணமெனக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 20 பாரன்ஹீட் டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்தொழிலில் வழங்கிவரும் கணக்கு. 195 டிகிரியில் பாதியும், 215 டிகிரியில் காற்பங்கும், 235 டிகிரியில் அரைக்காற் பங்குமே எஞ்சும். 240 டிகிரிக்கு மேல் எண்ணெய் வார்னிஷைப்போல் உறுப்புக்களின்மேற் படியத் தொடங்கும். 260 டிகிரிக்கு மேல் ரப்பர் அடைப்புக்கள் இறுகிவிடும். 300 டிகிரியை நெருங்கும்போது கிளச்சுத் தட்டுகள் நழுவும். நழுவுதலால் உஷ்ணம் இன்னும் பெருகும். தற்காலத்துச் செயற்கை எண்ணெய்கள் இதனினும் அதிகம் தாங்கக்கூடியவை. புதிய டிரக்குகள் சில, சற்று உயர்ந்த உஷ்ணத்தில் ஓடுமாறே செய்யப்பட்டுள்ளன. ஆகையால் வண்டியுடன் வந்த கைப்புத்தகத்தில் கண்ட எல்லையே முடிவானது.

எஞ்சின் நீரின் உஷ்ணத்தைக் காட்டும் முள் இதற்கு உதவாது. நீர் சரியான உஷ்ணத்தில் இருக்கும்போதே கியர்ப்பெட்டி எண்ணெய் கொதிப்பேறியிருக்கலாம். எச்சரிக்கை விளக்கு மட்டும் உள்ள வண்டிகளில், அவ்விளக்கு எரியும்போது உஷ்ணம் எல்லையைத் தாண்டியிருக்கும். உஷ்ணம் ஏறிக்கொண்டிருப்பதைக் காட்டும் முள்ளே ஓட்டுநருக்குச் செயலாற்ற அவகாசம் கொடுக்கும்.

உணர்முனையை வைக்கும் இடம்

இவ்வேலையில் மிகவும் கவனிக்கத்தக்கது இதுவே. உஷ்ணத்தை உணரும் முனையை வைக்கக்கூடிய இடங்கள் மூன்று.

முதலாவது, கியர்ப்பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டு. உறுப்புக்களுக்குச் செல்லும் எண்ணெய் இங்கிருந்தே உறிஞ்சப்படுவதால், எண்ணெய் முழுவதன் பொதுநிலையை இவ்விடம் காட்டும். முள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். மேலே சொல்லப்பட்ட எல்லைகள் பெரும்பாலும் இவ்விடத்திற்கே பொருந்தும்.

இரண்டாவது, கியர்ப்பெட்டியிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் குழாய். கன்வர்ட்டரினின்றும் அப்போதே வெளிவந்த, மிகச் சூடான எண்ணெய் இதில் ஓடுகிறது. ஆகையால் முள் மேட்டில் விரைந்து உயரும். பூட்டு விழுந்ததும் விரைந்து தாழும். இதை அறியாதார் வீணாக அஞ்சுவர். இதற்கு மாறாக, ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் குழாயில் வைத்தால் ஆறிய எண்ணெயின் உஷ்ணமே தெரியும். அது பொய்யான தைரியத்தைக் கொடுக்கும்.

மூன்றாவது, அழுத்தம் சோதிப்பதற்காகப் பல கியர்ப்பெட்டிகளின் பக்கத்தில் விடப்பட்டுள்ள மரைத்துளை. இங்கே தட்டைக் கழற்ற வேண்டியதில்லை என்பது சௌகரியம். ஆனால் அத்துளையில் எண்ணெய் ஓடாமல் நிற்பதால் முள் தாமதமாக நகரலாம்.

ஆகவே, முள் காட்டும் எண் ஒன்றேயாயினும் இடத்திற்கேற்பப் பொருள் வேறுபடும். குழாயில் 230 டிகிரி சிறிது நேரம் காணப்படுவது மலையேற்றத்தில் எதிர்பார்க்கத்தக்கது. தட்டில் அதே 230 டிகிரி காணப்படுமாயின் வண்டியை நிறுத்த யோசிக்க வேண்டும். ஒரே உஷ்ணமானி வாங்குவோர் தட்டில் வைப்பதே உத்தமம்.

அமைக்கும் முறை

உஷ்ணமானியும் உணர்முனையும் ஒரே செட்டாக வந்தவையாயிருத்தல் வேண்டும். ஒன்றின் முனையை மற்றொன்றுடன் சேர்த்தால் கணக்குத் தவறும். 100 முதல் 280 பாரன்ஹீட் டிகிரி வரை காட்டும் மின்சார உஷ்ணமானி ஏற்றது. முனையின் மரை பெரும்பாலும் 1/8 அங்குலக் குழாய் மரையாக இருக்கும். இது பெயரளவே, உண்மையில் அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 0.4 அங்குலமாகும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, தூக்கிய பாகத்திற்கு உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் செல்லலாகாது. பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் ஆறியபின் தட்டை இறக்க வேண்டும். துளையிடும் இடம் தட்டின் பக்கவாட்டில், எண்ணெய் மட்டத்திற்குக் கீழேயும், உள்ளிருக்கும் வடிகட்டியில் முனை இடியாதபடியும் அமைதல் வேண்டும். அடிப்புறத்தில் துளையிட்டால் கல் மோதி முனை உடையும். துளையில் மரையிட்ட வளையத்தைப் பற்றவைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்க்க வேண்டும். இரும்புத்தூள் ஒரு துகளும் உள்ளே தங்கக்கூடாது. வளையத்துடனேயே செய்து விற்கப்படும் தட்டுகளும் உண்டு; பற்றவைக்கும் வசதியில்லாதோர் அவற்றை வாங்குவது நலம்.

ஒற்றைக் கம்பி முனைகளில் மின்சாரம் மரையின் வழியாகவே வண்டியின் இரும்புக்குத் திரும்புகிறது. ஆதலால் மரையில் டெப்லான் நாடாவைத் தடிப்பாகச் சுற்றினால் தொடர்பு கெட்டு, முள் குறைத்துக் காட்டக்கூடும். ரப்பர்க் குழாயின் நடுவே முனையை வைப்போர் அதற்குத் தனியான எர்த்துக் கம்பி கொடுத்தல் அவசியம். வடிகட்டியையும் காஸ்கெட்டையும் புதிதாக மாற்றி, தட்டின் போல்ட்டுகளைக் கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்குச் சமமாக முடுக்கி, வண்டி செய்தோர் குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

உஷ்ணமானிக்குச் சாதாரணமாக நான்கு கம்பிகள் வரும். ஒன்று முனைக்கும், ஒன்று சாவி திருப்பியபின் மின்சாரம் வரும் இடத்திற்கு பியூஸ் வழியாகவும், ஒன்று எர்த்துக்கும், ஒன்று இராவிளக்குக்கும் செல்லும். முனைக்குச் செல்லும் கம்பியைப் புகைக்குழாய்க்கும் சுழலும் தண்டுக்கும் விலக்கி, சட்டத்தோடு கட்டிச் செல்ல வேண்டும். தகட்டுத் துளைவழியே ஓட்டுநர் அறைக்குள் நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் இடாவிட்டால் கம்பி தேய்ந்து தீப்பற்ற ஏதுவாகும்.

துளையிட விரும்பாதோர்க்கு வேறு வழியும் உண்டு. அமெரிக்காவில் 1996-ஆம் வருஷத்து மாடல் முதல் கார்களிலும் இலகு டிரக்குகளிலும் ஓபிடி-2 என்னும் சோதனை இணைப்பு உள்ளது. வண்டியில் முன்பே உள்ள உணர்முனையின் கணக்கை அதன் மூலம் படித்துக் காட்டும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் அந்த மாடலின் கியர்ப்பெட்டி உஷ்ணத்தைப் படிக்கவல்லதா என்று கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

சோதித்தல்

முனையை வண்டியில் பொருத்துமுன் அதன் உடலை எர்த்துடன் சேர்த்துக் கொதிநீரில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். கடல்மட்டத்தில் முள் 212 டிகிரி காட்ட வேண்டும். உயர்ந்த இடங்களில் நீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்கும். 5,280 அடி உயரமுள்ள டென்வர் நகரில் ஏறக்குறைய 202 டிகிரியே காட்டும். பிறகு பாரமின்றி ஒரு முறையும், பாரத்துடன் பழக்கமான பாதையில் ஒரு முறையும் ஓட்டி, முள் நிற்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் அதே பாதையில், அதே பாரத்துடன், ஒத்த வெயிலில் முள் 20 டிகிரி அதிகம் காட்டுமாயின், எங்கோ பழுது தொடங்கியிருக்கிறதென அறியலாம்.

முள் ஏறும்போது செய்ய வேண்டுவன

தாழ்ந்த கியருக்கு மாற்றுவதும், வண்டியில் இழுவை நிலைப் பொத்தான் இருந்தால் அதை அமுக்குவதும் முதற்காரியம். இதனால் எஞ்சினின் சுற்று உயர்ந்து, நழுவுதல் குறையும். வேகத்தையும் குறைக்க வேண்டும். அதற்கும் முள் அடங்காவிடில், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பார்க்கிங் நிலையில் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டால் எண்ணெய் ஓட்டமும் நின்று, ஆறுவது தாமதப்படும். எண்ணெய் பழுப்பேறித் தீய்ந்த நாற்றம் வீசினால் உடனே மாற்ற வேண்டும்.

டிரக்குகளின் இழுவைத் திறனை அளக்கும் எஸ்.ஏ.இ. ஜே2807 என்னும் முறையில், அரிஸோனா மாகாணத்து டேவிஸ் அணையருகே 11.4 மைல் நீளமுள்ள ஏற்றம் கணக்கில் எடுக்கப்படுகிறது. 100 பாரன்ஹீட் டிகிரிக்குக் குறையாத வெயிலில், குளிர்சாதனமும் முழுமையாக ஓட, ஒற்றைப் பின்சக்கர டிரக்கு மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். இச்சோதனை புதிய வண்டிக்கு உரியது. பழைய எண்ணெயும், தூசியடைந்த ரேடியேட்டரும், அளவுக்கு மிஞ்சிய பாரமும் கொண்ட வண்டிக்கு அந்த எண்ணை நம்புவது விவேகமாகாது.

உஷ்ணமானி எண்ணெயைக் குளிர்விப்பதில்லை. முள் அடிக்கடி எல்லையை எட்டினால், ரேடியேட்டருக்கு அப்பால் தனியான எண்ணெய் ஆற்றியைச் சேர்ப்பதோ, பாரத்தைக் குறைப்பதோ செய்ய வேண்டும். அவ்விதச் செலவு தேவையா, தேவையில்லையா என்பதை ஊகத்தால் அன்றி அளவினால் தீர்மானிக்க உதவுவதே இதன் பிரயோஜனம். சரியான இடத்தில் அமைத்து, அவ்விடத்திற்குரிய பொருளை அறிந்து, முள்ளைக் கண்டவுடன் செயலாற்றும் பண்ணைக்காரருக்கே இச்சாதனத்தின் விலை பன்மடங்காகத் திரும்பக் கிடைக்கும்.