விழுந்ததை ஏன் மறைக்கிறார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்?

"வயசாச்சு, விழத்தான் செய்வாங்க." பெரியவர் ஒருவர் விழுந்துவிட்டார் என்றால் நம்மிடையே பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். ஆனால், வயது மட்டுமே காரணம் அல்ல. வீடும் வாழும் முறையும் சேர்ந்தே அவர்களை விழவைக்கின்றன.

தோட்டத்தில் பல்லாண்டு வாழ்ந்தவர், பிள்ளைகளோடு தாமான் வீட்டுக்குக் குடிவருகிறார். லயத்து வீட்டில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று இருட்டிலும் அவர் காலுக்குத் தெரியும். இங்கே தரையெல்லாம் வழவழப்பான டைல்ஸ். குளியலறைத் தரை சற்றுத் தாழ்வு. பகலில் தெரியும் அந்தப் படி இரவில் தெரியாது. சாமி விளக்கிலிருந்து சொட்டிய எண்ணெய், ஓரம் சுருண்ட கால்மிதி, தேய்ந்த சிலிப்பர், தரையில் புரளும் கைலி என எதுவும் காலை வாரிவிடலாம். தடுமாறும்போது கைக்கு அகப்படுவது துண்டு போடும் கம்பி. அது ஆள் பாரம் தாங்காது.

நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம். நாள்பட்ட நீரிழிவில் பாதத்தில் உணர்வு மங்கிவிடும். ஈரத் தரையில் கால் வைத்ததே தெரியாது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் சட்டென எழுந்தால் தலை சுற்றலாம்.

இவற்றைவிடப் பேசப்படாத காரணம் தனிமை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, கோயிலுக்கும் கடைக்கும் நடந்து பழகியவர் நாளெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார். வெளியே நடக்கலாம் என்றால் நடைபாதையை மோட்டார் சைக்கிள்கள் அடைத்திருக்கும். நடை குறைந்தால் தொடைத் தசை மெலியும். ஒருமுறை வழுக்கினால் பயம் வந்துவிடும்; பயத்தில் இன்னும் நடக்கமாட்டார். வெளியே சொன்னால், "இனிமே தனியா கோயிலுக்குப் போகாதீங்க" என்று தடை வரும். முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் வேறு. அதனால் மறைக்கிறார்கள். ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த மறைப்புதான் ஆபத்தானது. "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று அதட்டினால் அடுத்த முறை அதையும் சொல்லமாட்டார்கள்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் முதியோருக்குக் கைப்பிடிகள் பொருத்தவும் தரை வழுக்காமல் செய்யவும் 2012 முதல் திட்டம் உண்டு. செலவில் பெரும்பங்கை அரசே ஏற்கிறது. இங்கே பெரும்பாலும் குடும்பம்தான் பார்க்க வேண்டும். சுவரில் துளையிட்டு இறுக்கிய கைப்பிடியும், படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கும் முதலில் தேவை. அடுத்த முறை கிளினிக்கில் மருந்து எடுக்கப் போகும்போது, விழுந்ததையும் தலைசுற்றலையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

குளியலறையில் உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்கக் கதவை உடைக்க வேண்டியிருந்தால், அந்த நேரமெல்லாம் அவர் ஈரத் தரையில்தான் கிடப்பார்.