1934–35 மலேரியாவும் மகாவலிக் கரையும்

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. மகாவலி உள்ளிட்ட ஆறுகள் வற்றிப் பாறைக் குழிகளில் தேங்கிய தெளிந்த நீரில் மலேரியா நுளம்புகள் பெருகின. கண்டி, கேகாலை, குருநாகல் பகுதிகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. இலங்கை முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மலேரியா ஓயாத உலர்வலயமோ இவ்வளவு இழக்கவில்லை. அங்குள்ளோர் சிறுவயது முதல் காய்ச்சல் கண்டு கண்டு, கிருமியை இனங்காணும் பிறபொருளெதிரிகளை உடலில் பெற்றிருந்தனர். வறுமையே காரணம் என்பாருண்டு; பசி சாவைப் பெருக்கியது உண்மைதான், ஆனால் உலர்வலயமும் வறியதே. அந்த எதிர்ப்பாற்றலும் எத்தனையோ குழந்தைகளைப் பலிகொடுத்துப் பெற்றது என்பதை மறக்கலாகாது.

2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. இன்று நம் உடலில் அந்த எதிர்ப்பாற்றல் இல்லை. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து திரும்பியபின் காய்ச்சல் கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.