பழைய டிராக்டரும் ஒரு டைனமோவும்



மெஷின் லேபில் டி.சி. ஷண்ட் ஜெனரேட்டரை ஓட்டி ஓ.சி.சி. கிராப் வரைந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த கிராப் எதற்கு என்று நான் அன்றைக்கு யோசித்ததே இல்லை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு சரி. அது எதற்கு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஊர் சாணார்பட்டியில் நிற்கும் ஒரு பழைய டிராக்டர்.

அப்பா அந்த டிராக்டருக்கு டிரைவர். வண்டி முதலாளியுடையது. கொஞ்ச நாளாக பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. ராத்திரி மேட்டில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டித்தான் ஸ்டார்ட் செய்வார். மழை பெய்து உழவு வேலை குவிந்த நேரம் அது. லீவுக்கு வந்த என்னிடம், "கரண்டுக்குத்தானப்பா படிக்கிற, கொஞ்சம் பாரேன்" என்றார். நானும் தைரியமாக ஸ்பானரை எடுத்தேன்.

முதலில் டைனமோ எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1831-ல் மைக்கேல் பாரடே மின்தூண்டலைக் கண்டுபிடித்தார். 1867-ல் வெர்னர் சீமன்ஸும் சார்லஸ் வீட்ஸ்டோனும் தனித்தனியே ஓர் உண்மையை அறிவித்தார்கள். ஜெனரேட்டரின் இரும்பில் மிச்சமிருக்கும் சிறிதளவு காந்தமே போதும். அதில் பிறக்கும் சின்ன மின்சாரத்தை ஃபீல்டு காயிலுக்கே திருப்பிக் கொடுத்தால் காந்தம் வலுவடையும், வோல்டேஜும் தானே ஏறும். நாம் வரைந்த கிராப் பூஜ்ஜியத்தில் தொடங்காமல் சற்று மேலே தொடங்கியதே, அது இந்த மிச்சக் காந்தம்தான்.

டிராக்டர் டைனமோவில் இரண்டு டெர்மினல் இருக்கும். பெரியது 'டி', ஆர்மேச்சரிலிருந்து வருவது. சிறியது 'எஃப்', ஃபீல்டு காயிலுக்குப் போவது. இரண்டுக்கும் மறுமுனை வண்டியின் பாடி. ஆனால் என்ஜின் வேகம் ஏறினால் வோல்டேஜும் ஏறிக்கொண்டே போகும். அதற்குக் கடிவாளம்தான் ரெகுலேட்டர் பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு ரிலே இருக்கும். ஒன்று வோல்டேஜ் ரெகுலேட்டர். வோல்டேஜ் அளவு மீறினால் அதன் பாயிண்ட் திறந்து, ஃபீல்டு காயிலோடு ஒரு ரெசிஸ்டன்ஸைச் சீரிஸில் சேர்க்கும். வோல்டேஜ் இறங்கியதும் மறுபடி மூடும். ஒரு நொடிக்குள் பல தடவை இப்படி அடித்துக்கொண்டே இருக்கும். மற்றொன்று கட்டவுட். டைனமோ சுமார் 13 வோல்ட்டைத் தொட்டதும் இது மூடி பேட்டரியோடு இணைக்கும். என்ஜின் நின்றதும் திறந்துவிடும். இது இல்லாவிட்டால் பேட்டரி கரண்ட் டைனமோவுக்குள் திரும்பிப் பாய்ந்து வீணாகும்.

நான் முதலில் டைனமோவைத் தனியாகச் சோதித்தேன். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, 'டி'யையும் 'எஃப்'பையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் நடுவே வோல்ட்மீட்டர் வைத்தேன். என்ஜினை மெதுவாக ஏற்றியதும் முள் தடையில்லாமல் ஏறியது. 20 வோல்ட்டுக்கு மேல் விடக்கூடாது. ஒரு வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு காயிலைச் சந்தேகப்படலாம். பாதி வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரை. ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். இங்கே டைனமோ நன்றாகவே இருந்தது. எலி கடித்து இற்றுப்போன பழைய வயர்தான் கோளாறு.

புது வயர் போட்டேன். இங்கேதான் தப்பு செய்தேன். கையில் கிடைத்தது ஒரே நிற வயர். ரெகுலேட்டர் பக்கம் 'டி'யையும் 'எஃப்'பையும் மாற்றி முடுக்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைக் கூட்டியதும் அம்மீட்டர் முள் துடித்தது, பெட்டிக்குள் நீலமாகப் பொறி பறந்தது. அணைப்பதற்குள் பாயிண்ட் கருகிவிட்டது.

காரணம் எளிது. அந்த பாயிண்ட் சுமார் 2 ஆம்பியர் ஃபீல்டு கரண்டுக்காகச் செய்தது. வயர் மாறியதால் பேட்டரிக்குப் போகும் சார்ஜிங் கரண்ட் முழுவதும் அதன் வழியாகவே போனது. இது எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் புரிந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. "முதலாளிட்ட நாஞ் சொல்லிக்கிறேன்" என்றார். அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் பட்டறை அண்ணனிடம் போனேன். அவர் பள்ளிக்கூடம் தாண்டாதவர். "தம்பி, தடிச்ச வயரு பெருசுக்கு, மெல்லிசு சின்னதுக்கு. இத பொஸ்தகத்துல போடலியா?" என்று சிரித்துவிட்டு, பழைய ரெகுலேட்டர் ஒன்றைக் கொடுத்தார். அதன் விலை அப்பாவின் நாலு நாள் கூலி.

இந்த முறை ஒவ்வொரு வயரிலும் துணியில் எழுதிக் கட்டினேன். இணைக்கும் முறை இதுதான்:

1. முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றவும். பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், பார்த்துக்கொள்ளவும்.

2. டைனமோ 'டி' ரெகுலேட்டர் 'டி'க்கு, தடித்த வயர். 'எஃப்' 'எஃப்'புக்கு, மெல்லிய வயர்.

3. 'இ' பாடிக்கு. பெயிண்டைச் சுரண்டிவிட்டு முடுக்கவும். இது விட்டுப்போனால் கட்டவுட் மூடாது, டைனமோ வோல்டேஜுக்கும் கட்டுப்பாடு இருக்காது.

4. 'ஏ' அம்மீட்டர் வழியாக பேட்டரிக்கு. 'ஏ1' லைட்டுக்கும் சுவிட்ச்சுக்கும்.

5. வார்னிங் லாம்ப் சுவிட்ச்சுக்கும் 'டி'க்கும் நடுவே.

6. பேட்டரியை மாட்டியபின், டைனமோவின் 'எஃப்' வயரைக் கழற்றி, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு கம்பியால் டைனமோ 'எஃப்'பை ஒரு கணம் தொட்டு எடுக்கவும். இதனால் மிச்சக் காந்தம் சரியான திசையில் அமையும். பிறகு வயரை மாட்டவும்.

ஸ்டார்ட் செய்தேன். ஆக்சிலேட்டரைக் கூட்டியதும் வார்னிங் லாம்ப் அணைந்தது. இருபுறமும் ஒரே வோல்டேஜ் வந்தால் அதில் கரண்ட் ஓடாதல்லவா! அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உழவுக்குக் கிளம்பினார். அன்றிலிருந்து வண்டி மேட்டில் நிற்பதில்லை.

இப்போது வரும் டிராக்டர்களில் ஆல்டர்னேட்டர்தான். கட்டவுட் வேலையை டயோடு பார்த்துக்கொள்கிறது. ஆனால் 1960-ல் சென்னையில் டாஃபேயும், 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் தொடங்கப்பட்ட காலத்து டைனமோ முறை நம் கிராமங்களில் இன்னும் கண்ணில் படும். நண்பர்களே, லீவில் ஊருக்குப் போனால் அப்படி ஒன்றைத் திறந்து பாருங்கள். ஆனால் கழற்றும் முன் வயருக்கு அடையாளம் கட்டுங்கள். தெரியாததைப் பட்டறையில் கேட்க வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டதற்கு விலை நாலு நாள் கூலி, அதுவும் என்னுடையது அல்ல.

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை