மார்பக அறுவை: அச்சமும் ஆயத்தமும்

இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

சில நோய்களின் பெயரை நாம் நடுக்கூடத்தில் உரக்கச் சொல்லுகிறோம். காய்ச்சல், காமாலை, சர்க்கரை என்றால் பக்கத்து வீட்டாரும் வந்து பத்தியம் கூறுவர். வேறு சில நோய்களின் பெயரையோ சமையலறைக்குள் கூடத் தாழ்ந்த குரலில்தான் சொல்லுகிறோம். மார்பகப் புற்றுநோய் அத்தகையது. அந்தத் தாழ்ந்த குரலால் என் அன்னை ஏழு மாதங்களை இழந்தார். இடப்பக்க மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை, ஆகவே தானே கரைந்துவிடும் என்று இருந்துவிட்டார். வலி இல்லாத கட்டியையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை விலங்கியல் படிக்கும் நான் அவருக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. உடற்கூற்றுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் வீட்டில் அந்தச் சொல்லை உச்சரிக்க எனக்கும் கூச்சம்.

அக்கூச்சத்திற்குக் கழுவாயாகவே, அம்மாவின் இசைவோடு இதை எழுதுகிறேன். மாணவ நண்பர்கள் இது பெண்களுக்குரிய செய்தி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயாளிகளுள் மிகச் சிலராக, நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிற்குள், ஆண்களும் உண்டு.

ஏன் முழுவதும் எடுக்க வேண்டும்?

ஊசி வழியே திசுவை எடுத்து ஆய்ந்து, நோய் இன்னதென்று தெரிந்த பின், மார்பகம் முழுவதையும் நீக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். "கட்டிய மட்டும் எடுத்தா போதாதா, டாக்டர்?" என்று கேட்டார் அம்மா. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

1882-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து நீக்கும் முறையைக் கையாளத் தொடங்கினார். அதிகம் வெட்டினால் நோய் மீளாது என்பது அக்கால நம்பிக்கை. பல பத்தாண்டுகள் அதுவே வழக்கமாக நின்றது. பெர்னார்டு ஃபிஷர் என்னும் மருத்துவர் தம் குழுவினருடன் நடத்திய ஆய்வின் முடிவு 1985-இல் வெளியானது. தொடக்க நிலைக் கட்டிகளுக்கு, கட்டியை மட்டும் நீக்கிக் கதிரியக்கச் சிகிச்சை அளித்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்புக் குறைவதில்லை என்பதை அது காட்டிற்று. ஆகவே இன்று பலர் மார்பகத்தை இழப்பதில்லை; முழு மார்பகத்தையும் நீக்கும்போது கூடத் தசையைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

அம்மாவுக்கோ ஒரே மார்பகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நோய் இருந்தது. அதனால்தான் முழுவதும் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். காரணம் தெரிந்ததும் அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. துயரம் போய்விடவில்லை, குழப்பம் போயிற்று.

நாற்பது பக்க நோட்டு

அன்றிரவு அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதையெல்லாம் எழுதச் சொன்னேன். "பிழைப்பேனா?" என்பதே முதற்கேள்வியாக இருக்கும் என்று எண்ணினேன். அம்மா தையற்காரர். அவர் எழுதியிருந்தவை இவை: எத்தனை நாள் கழித்து மெஷின் மிதிக்கலாம்? கையைத் தூக்கித் தலை பின்ன முடியுமா? மயக்கம் பாதியில் தெளிந்துவிட்டால்? தையல் பிரித்த பின் ரவிக்கை எப்படிப் போடுவது?

நோயாளியின் அச்சம் நாம் நினைக்கும் இடத்தில் இருப்பதில்லை என்பதை அந்த நோட்டில்தான் கற்றேன். ஆகவே அவருக்கு ஆறுதல் கூறுமுன் அவர் அஞ்சுவது எதற்கு என்று கேட்டறிய வேண்டும்.

மயக்கத்தைப் பற்றிய கேள்விக்கு மயக்க மருத்துவரே விடையளித்தார். அறுவை முடியும் வரை நோயாளியின் மூச்சையும் நாடியையும் கவனித்துக்கொண்டு அருகிலேயே இருப்பதுதான் தம் வேலை என்றார். மயக்க மருந்தின் வரலாற்றிலேயே இந்நோய்க்கு ஓர் இடம் உண்டு. ஜப்பானிய மருத்துவர் ஹனவோக்கா சேய்ஷு 1804-இல் மூலிகைக் கலவை ஒன்றால் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி அறுவை செய்தார். அது மார்பகப் புற்றுநோய்க்குச் செய்த அறுவையே. இதைச் சொன்னபோது, "அப்ப எனக்கு முன்னாடி எத்தனையோ பேரு படுத்து எழுந்திருச்சிருக்காங்க" என்றார் அம்மா.

"இந்த வயசுல எதுக்கு?"

நீக்கிய மார்பகத்தை மீண்டும் உருவாக்கும் அறுவையும் உண்டு என்று மருத்துவர் சொன்னார். இதற்கு இரண்டு பெருவழிகள் உள்ளன. ஒன்று, சிலிக்கோன் பையை உள்ளே வைப்பது. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதன்முதலாகப் பெண்ணொருவருக்கு இத்தகைய பை பொருத்தப்பட்டது. தோல் போதாதபோது, முதலில் வேறொரு பையை வைத்து, அதில் உப்புநீரைச் சில வாரங்கள் சிறிது சிறிதாக ஏற்றித் தோலை விரிப்பர். மற்றொன்று, நோயாளியின் வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ திசுவை எடுத்து மார்பில் அமைப்பது. முதுகுத் தசையைப் பயன்படுத்தும் முறையை இத்தாலிய மருத்துவர் டான்சினி 1906-லேயே விளக்கியிருக்கிறார். சிலருக்கு இவ்விரண்டையும் இணைத்தும் செய்வதுண்டு.

நீக்கும் அன்றே இதைச் செய்துகொள்ளலாம். மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் செய்துகொள்ளலாம். கதிரியக்கச் சிகிச்சை பெறுவோருக்குச் சிலிக்கோன் பையைச் சுற்றியுள்ள திசு இறுகிப்போகும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் காலத்தையும் முறையையும் மருத்துவருடன் கலந்தே முடிவு செய்ய வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைகள் தேவைப்படலாம். உருவம் திரும்பினாலும் பழைய தொடு உணர்வு முழுவதும் திரும்பாது. இவற்றை முன்பே அறிந்திருந்தால் பின்னர் ஏமாற்றம் இராது.

பெரியம்மா உடனே, "நாப்பத்தேழு வயசுல அது எதுக்குடி?" என்றார். அப்பா தலையசைத்தார். உண்மையைச் சொல்வதானால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா மட்டும் மருத்துவரைப் பார்த்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். தம் உடலைப் பற்றித் தாமே முடிவு செய்ய நேரம் கேட்டதை அன்றுதான் முதன்முதலாக எங்கள் வீட்டார் கேட்டோம். நான் தலை குனிந்தேன்.

எங்கள் வார்டில் அடுத்த படுக்கையிலிருந்த இளம்பெண் வயிற்றுத் திசுவைக் கொண்டு அன்றே சீரமைத்துக்கொண்டார். அம்மா, கதிரியக்கம் முடியட்டும் என்று ஒத்திவைத்தார். எதுவும் வேண்டாம் என்று சொல்வோரும் உண்டு. இவற்றுள் எதுவும் தவறன்று. நோயாளியைக் கேளாமல் மற்றவர்கள் முடிவு கட்டுவதுதான் தவறு.

செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

அறுவைக்கு முன் நாங்கள் செய்தவற்றை ஒருவருக்கேனும் பயன்படும் என்று தருகிறேன்.

வழக்கமாக உண்ணும் எல்லா மருந்துகளையும், ஆஸ்பிரினையும் நாட்டு மருந்தையும் விடாமல், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையும் புகையிலையும் புண் ஆறுவதைக் கெடுக்கும். சீரமைப்புச் செய்துகொள்வோர் அவற்றைக் கட்டாயம் விட வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்களை எடுத்து வைத்து, எந்த அறுவை காப்பீட்டில் அடங்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பரண் மீதும் மேல்தட்டிலும் இருந்த பாத்திரங்களை இடுப்பளவு உயரத்திற்கு இறக்கி வைத்தோம். சில வாரங்களுக்குக் குடம் தூக்குவதும் அம்மி அரைப்பதும் கூடாது. அம்மா தமக்குத் தாமே முன்பக்கம் திறக்கும் தளர்ந்த ரவிக்கைகள் நான்கு தைத்துக்கொண்டார்.

அறுவைக்குப் பின், காயத்தில் ஊறும் நீரை வெளியேற்ற மெல்லிய குழாயும் அதன் முனையில் ஒரு குப்பியும் இருக்கும். நாள்தோறும் அந்நீரை அளந்து எழுத வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 30 மில்லிலிட்டருக்குக் கீழ் குறைந்ததும் மருத்துவர் குழாயை எடுப்பார். ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம். குப்பியை வைத்துக்கொள்ள அம்மா ஒரு துணிப்பையும் முன்னதாகவே தைத்திருந்தார். ஆறுதல் சொல்ல வார்த்தையின்றித் திகைத்து நின்ற அப்பா, அளக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். காலையும் மாலையும் அவர் கைப்பட எழுதிய எண்கள் நோட்டில் வரிசையாக இருக்கின்றன.

கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். மருத்துவர் சொன்னபடி முதலில் விரல்களையும் முழங்கையையும் அசைத்து, பின்னர் விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சியைச் செய்தார். எட்டிய உயரத்தை நான் சுவரில் பென்சிலால் குறித்து வந்தேன். அக்குள் முடிச்சுகளை நீக்கியவர்க்குக் கை வீங்கக்கூடும். ஆகவே அந்தக் கையில் காயமோ ஊசிக்குத்தோ படாமல் காக்க வேண்டும். அம்மா இப்போது விரலுக்கு உறை போட்டுக்கொண்டே காஜா எடுக்கிறார்.

மனத்தின் ஆயத்தம்

அறுவைக்கு முந்திய இரவு அம்மா என்னை அருகில் படுக்கச் சொன்னார். "மூணு வயசு வரைக்கும் நீ விடவேயில்ல" என்று சிரித்தார். பிறகு அழுதார். நான் தடுக்கவில்லை. "அழாதே" என்பது பல வேளைகளில் நமக்காக நாம் சொல்லுவது.

கட்டுப் பிரிக்கும்போது அருகில் யார் இருக்க வேண்டும், முதன்முதலில் கண்ணாடியில் எப்போது பார்ப்பது என்பதையும் அவர் முன்பே முடிவு செய்திருந்தார். பத்தாம் நாள், கதவைச் சாத்திக்கொண்டு, நானும் அவரும் பார்த்தோம். ஒரு நீண்ட தழும்பு. அதைத் தடவிப் பார்த்து, "தையல் நேரா போட்டிருக்காங்க" என்றார்.

புண் நன்கு ஆறிய பின் இலவம் பஞ்சால் தமக்கு ஒரு திண்டு தைத்துக்கொண்டார். பஞ்சு மட்டும் இருந்தால் எடையின்றி மேலேறிவிடுகிறது என்று, நடுவே கடுகு முடிந்த சிறு துணிப்பையை வைத்தார். சீரமைப்பைப் பற்றி இன்னும் யோசிக்கிறார். அவசரம் ஒன்றுமில்லை.

முடிவாக ஒன்று. புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. மருத்துவமனையின் வாசல் திறந்திருந்தும் நம் வாய் திறக்கவில்லையென்றால் யாருக்கு என்ன பயன்?

அம்மா திரும்பவும் மெஷின் மிதிக்கிறார். அளவு கொடுக்க வரும் பெண்களிடம், நாடாவை மார்பில் சுற்றும்போதே, "கட்டி எதாச்சும் தட்டுப்படுதாம்மா?" என்று கேட்கிறார். சென்ற மாதம் ஒருவர் தயங்கித் தயங்கி "ஆமாக்கா" என்றார். மறுநாளே அம்மா அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அது வெறும் கொழுப்புக் கட்டி. பெரும்பாலான கட்டிகள் அப்படித்தான் இருக்கும். அம்மாவோ கேட்பதை நிறுத்தவில்லை. குரலையும் தாழ்த்துவதில்லை.