சிவிகையும் சக்கர நாற்காலியும்

நடுநாட்டுத் திருத்தலங்களுள் ஒன்றாகிய திருநெல்வாயில் அரத்துறை, இன்று திருவட்டத்துறை என வழங்கப்பெறுகின்றது. கடலூர் மாவட்டத்தின் மேலைப் பகுதியில், வெள்ளாற்றின் கரையில் அமைந்த ஊர் அது. தில்லைக் கூத்தனைத் தொழுத திருஞானசம்பந்தப் பிள்ளையார், திருவெருக்கத்தம்புலியூர், திருமுதுகுன்றம், பெண்ணாகடம் ஆகிய தலங்களை வணங்கிக்கொண்டு இவ்வூரை நோக்கிப் புறப்பட்டார். அதுவரை தந்தையார் சிவபாத இருதயர் தம் தோளின்மேல் அவரைச் சுமந்து வந்தார். அன்று பிள்ளையார் தோளில் ஏற மறுத்துத் தம் சிற்றடிகள் நோவ நடந்தே சென்றார். மாறன்பாடி என்னும் ஊரை அடைந்தபொழுது பொழுது சாய்ந்தது. அடியார்களோடு அங்கே தங்கினார்.

அன்றிரவு அரத்துறைப் பெருமான் அவ்வூர்ப் பெரியோர்களின் கனவில் தோன்றி, நம்மிடத்து முத்துச் சிவிகையும் குடையும் சின்னங்களும் உள்ளன. அவற்றைக் கொண்டுசென்று ஞானசம்பந்தனுக்குக் கொடுங்கள் என்று பணித்தருளினார். விழித்தெழுந்தோர் திருக்கோயிலைத் திறந்து பார்க்க, அவை அங்கே இருந்தன. இவ்வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துள் விரித்துரைக்கின்றார்.

நாற்பது ஆண்டுகள் இவ்வரலாற்றை நான் மாணவர்க்கு நடத்தியிருக்கின்றேன். முத்தின் ஒளியையும் குடையின் அழகையும் விரித்துப் பேசியிருக்கின்றேன். கோயிலுக்கு வரும் ஒருவரின் கால் நோவதைக் கண்டு கோயிலுக்குரிய இறைவனே ஊர்தி அனுப்பினான் என்னும் எளிய செய்தி, என் மனைவியார் நடக்க இயலாமற் போன பிறகே எனக்கு உறைத்தது.

குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவம் செய்தும் பழைய நடை மீளவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பாடலீசுவரரையும் பெரியநாயகியம்மையையும் வழிபட்டு வந்தவர், ஈராண்டுக் காலம் திண்ணையிலிருந்தே கோபுரத்தை நோக்கிக் கைகூப்பினார். உறவினர் ஒருவர் சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். அதை மூன்று மாதம் அவர் தொடவில்லை.

“இதில உட்கார்ந்துகிட்டா சாமி கும்பிடறது? அபசாரங்க. அப்பர் சுவாமி கயிலாயத்துக்கு உருண்டே போனாரே, நான் வண்டியில போகணுமா?” என்றார்.

இவ்வினாவை எளிதிற் தள்ளிவிடுதல் ஆகாது. நம் பெரியோர் பலர் இன்றும் இக்கருத்தினாலேயே திருக்கோயிலுக்கு வாராதிருக்கின்றனர். திருக்கோயிலுள் செய்யத்தகாத அபசாரங்கள் முப்பத்திரண்டு என வடமொழி நூல்கள் கூறும். அவற்றுள் முதலாவதாக வைத்து எண்ணப்பெறுவதே, ஊர்தியில் ஏறியோ காலணி அணிந்தோ உட்புகுதல் என்பது. ஆயினும் விதியின் உள்ளக்கிடையை நோக்குதல் வேண்டும். நடக்க வல்லவன், தன் செல்வமும் செருக்கும் தோன்றப் பல்லக்கில் அமர்ந்தவாறு இறைவன் முன் வருவதையே அது விலக்குகின்றது. முடமானவனுக்கு ஊன்றுகோல் ஊர்தியாகுமோ? ஆகாது. அஃது அவனுடைய கால். சக்கர நாற்காலியும் அத்தகையதே.

அப்பர் பெருமானின் வரலாற்றையும் முழுமையாக நினைவிற் கொள்ளவேண்டும். கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் தோன்றிய அப்பெருமகனார், கயிலைக் காட்சி விழைந்து வடதிசை சென்று, பாதம் தேய்ந்தபின் கைகளால் தாவி, கைகள் தேய்ந்தபின் மார்பினால் உந்தி, பின்னர்ப் புரண்டும் சென்றார் என்பது உண்மை. இறைவன் அவரை மேலும் வருந்த விடவில்லை. அங்குள்ள பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச்செய்து, அவ்விடத்திலேயே கயிலைக் காட்சியைக் காட்டியருளினான். இதனை என் மனைவியாரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், “சரி, ஆனா நம்ம ஊர்ல வேண்டாம். தெரிஞ்சவங்க பார்ப்பாங்க” என்றார். நாணமே மெய்யான தடை என்பது அப்பொழுது விளங்கியது.

ஆகவே வேற்றூர் சென்றோம். எவ்வூர், எத்திருக்கோயில் என்று எழுதப்போவதில்லை. வாயிலில் நின்றவர், நாற்காலியை வெளியே விட்டுவிட்டு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். நானும் உடன்வந்த இருவரும் தூக்கினோம். எழுபது வயதுப் பெண்ணைக் கூட்டத்தின் நடுவே மூவர் தூக்கிச் செல்வது எத்தகைய காட்சி என்று எண்ணிப்பாருங்கள். கொடிமரத்தைத் தாண்டுமுன், “என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்று அழுதுவிட்டார். அவ்வாயில் காப்பவர்மேல் எனக்குச் சினமில்லை. தெருப்புழுதி படிந்த சக்கரம் உள்ளே வருவதா என்பது அவருடைய ஐயம். ஈரத்துணியால் நான்கு சக்கரங்களையும் துடைத்துவிட்டால் தீரும் ஐயம் அது. வெளிக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று என இரண்டு நாற்காலிகளை வைத்துக்கொண்டால் துடைக்கும் வேலையும் இல்லை.

சக்கரம் திருக்கோயிலுக்குப் புதிதன்று. தில்லையில் சிற்சபைக்கு எதிரே நிற்கும் நிருத்த சபை, குதிரைகள் பூட்டிச் சக்கரங்கள் அமைந்த தேரின் வடிவில் கல்லில் எடுக்கப்பெற்றது. அன்றியும், பிற தலங்களில் மூலவர் கருவறையிலேயே இருக்க, உலாத் திருமேனியே வெளியில் எழுந்தருளும். தில்லையிலோ ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் கூத்தப்பெருமானே சபையை விட்டிறங்கித் தேரேறி நான்கு வீதிகளிலும் வருகின்றான். கோயிலுக்குள் வர இயலாத முதியோரும் நோயுற்றோரும் தத்தம் வாயிலில் இருந்தே காணும்படி, சக்கரம் பூண்ட இருக்கையில் அமர்ந்து அவனே வருகின்றான். மாசிமகத்தன்று கடலூர்த் தேவனாம்பட்டினக் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத் திருமேனிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவதும் அவ்வாறே. மணலில் மட்டும் சக்கர நாற்காலி செல்லாது. முன்னுள்ள சிறு சக்கரங்கள் புதைந்துவிடும். அன்று சாலையோரத்தில் இருந்து காண்பதே நன்று.

இவ்விடத்தில் தண்டியடிகள் நாயனாரை நினைவுகூர்தல் தகும். திருவாரூரில் பிறவியிலேயே கண்ணொளி இழந்திருந்த அவர், குளத்தைத் தோண்டி விரிவாக்க விரும்பினார். குளத்துள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டினார். அவர் பணியை வெறுத்தோர் தறியையும் கயிற்றையும் பறித்துக்கொண்டனர். அக்கயிறு அவருக்குக் கண். சாய்தளம் அமைக்க மறுப்பதும், அமைத்த சாய்தளத்தின்மேல் இருசக்கர வண்டியை நிறுத்துவதும் அக்கயிற்றைப் பறித்த செயலோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கன.

இனி, சக்கர நாற்காலியின் அமைப்பைச் சிறிது கூறுவோம். செருமானிய நாட்டில் 1655ஆம் ஆண்டில், நடக்க இயலாத கடிகாரக் கைவினைஞர் ஒருவர் தாமே கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர நாற்காலியைச் செய்துகொண்டார். அவர் பெயர் இசுடீபன் பார்ப்ளர். இன்று நாம் காணும், மடித்து வைக்கத்தக்க நாற்காலியை 1933இல் அமெரிக்காவில் எவரெசுட்டு, சென்னிங்சு என்னும் நண்பர் இருவர் உருவாக்கினர். அவர்களுள் எவரெசுட்டு சுரங்க விபத்தில் நடையிழந்தவர். துன்பத்தை அறிந்தவரே கருவியைக் கண்டனர் என்பது கருதத்தக்கது.

நம் நாட்டிலும் அத்தகையோர் உளர். ஆய்க்குடி இராமகிருட்டிணன் என்பார், 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரி தேர்வின்பொழுது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகல் என்னும் மருத்துவரின் பெயரால் 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே ஆயிரக்கணக்கானோர்க்கு மறுவாழ்வளித்த அவருக்கு 2020ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது. தமிழக அரசு உலக வங்கியின் துணையோடு மாற்றுத்திறனாளிகளுக்கென மேற்கொண்டுள்ள ‘உரிமைகள்’ திட்டம் முதற்கண் தொடங்கப்பெற்ற மாவட்டங்களுள் நம் கடலூரும் ஒன்று. அத்திட்டத்தின்கீழ் அமைந்த ‘விழுதுகள்’ மையங்களை நாடுவோர்க்குப் பயிற்சி மருத்துவமும் கருவி பெறும் வழிகாட்டலும் கிடைக்கும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரவர். மூட்டுவலியாலும் முதுமையாலும் நடை தளர்ந்தோர் பலர் இக்கணக்கில் அடங்கார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துசெல்லும் இடங்கள் அவர்களும் வந்துசெல்லத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. பழனியில் 1966 முதல் இழுவை இரயிலும் 2004 முதல் கம்பிவட ஊர்தியும் ஓடுகின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளையுடைய சோளிங்கரிலும் ஐயர்மலையிலும் 2024இல் கம்பிவட ஊர்திகள் தொடங்கப்பெற்றன. மலைக்கு வழி பிறந்துவிட்டது. ஒரு முழ உயர வாயிற்படிக்குத்தான் பல ஊர்களில் இன்னும் வழி பிறக்கவில்லை.

சாய்தளத்தின் கணக்கு எளியது. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அரையடிப் படிக்கு ஆறடிப் பலகை. இதனிற் குறைந்தால் ஏற்றுவோர் மூச்சுத் திணறுவர். இறக்கும்பொழுது நாற்காலி ஓடிவிடும். அகலம் நான்கடி இருத்தல் நலம். பழங்கற்றளிகளில் கல்லைத் துளைத்தலும் சிமெண்டு பூசுதலும் கூடா. எடுத்து வைக்கத்தக்க மரப்பலகையே ஏற்றது. வழிபாடு முடிந்ததும் அதைச் சுவரோரம் சாய்த்துவிடலாம்.

தள்ளுவோர் அறியவேண்டுவன சில உண்டு. ஏற்றத்தில் முன்னோக்கித் தள்ளுக. இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பித் தாம் முன்னே பின்னடி வைத்து இறங்குக. அமரும்பொழுதும் எழும்பொழுதும் தடைக்கட்டையை இருபுறமும் போடுக, கால்தாங்கியை மடக்குக. கால்தாங்கியின்மேல் மிதித்து எழ முயன்று குப்புற வீழ்ந்தோர் பலர். சிறு படியைக் கடக்கப் பின்புறம் நீட்டியுள்ள குழாயைக் காலால் அழுத்தினால் முன்சக்கரம் தானே உயரும். படியில் தூக்கவேண்டின் சட்டத்தைப் பிடித்துத் தூக்குக. கைப்பிடிகள் சில நாற்காலிகளில் கழன்று வந்துவிடும். புடவைத் தலைப்பும் மேலாடையும் சக்கரக் கம்பியில் சிக்காமல் செருகிவிடுக. நண்பகலில் திருச்சுற்றுக் கல் சுடும், காலைப்பொழுதே ஏற்றது. அருச்சகப் பெருமக்கள் தீபத்தட்டைச் சற்றே தாழ்த்திக் காட்டினால் போதும். பெயரும் நட்சத்திரமும் கேட்பதாயின், தள்ளி வந்தவரைக் கேளாமல் அமர்ந்திருப்பவரையே கேட்கவேண்டும். என் மனைவியாரை முன்வைத்துக்கொண்டு, “அவங்க நட்சத்திரம் என்ன?” என்று என்னைக் கேட்டவர் பலர். “நான் விசாகம்” என்று அவரே சற்று உரக்கச் சொல்லுவார்.

தில்லைக்குச் செல்வோர்க்கு ஒரு குறிப்பு. வீதியின் மட்டத்தினும் உட்புறம் தாழ்ந்திருத்தலின், அங்கே ஏறுவதினும் இறங்குவதே மிகுதி. உடன்வருவோர் இருவரேனும் வேண்டும். கனகசபையின்மேல் ஏறுதல் இயலாதோர் வருந்தற்க. ஒரே இடத்தில் இருந்தவாறு கூத்தப்பெருமானையும் கோவிந்தராசப் பெருமாளையும் காணும் பேறு, கீழே அமர்ந்திருப்பார்க்கே உரியது.

என் மனைவியார் ஒருவாறு உடன்பட்டதும் ஓர் ஆனித் தேர்நாளில்தான். வீதியின் மூலையில் நாற்காலியை நிறுத்தினோம். கூட்டம் முன்னே நின்று மறைத்தது. முன்பின் அறியாத இளைஞர் ஒருவர், “அம்மா தெரியுதா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் தம் தோழர்களை இருபுறமும் விலகச் செய்து வழி ஏற்படுத்தினார். தேர் அசைந்து வந்து எங்களுக்கு நேரே சிறிது பொழுது நின்றது. தேர் நகர்ந்ததும் அவ்விளைஞர், “கொஞ்ச தூரம் பின்னாலேயே போலாமா அம்மா?” என்று கேட்டு நாற்காலியின் பிடியைத் தாம் பற்றிக்கொண்டார். வீதி முழுவதும் அவரே தள்ளி வந்தார். நான் வெறுங்கையனாய் உடன் நடந்தேன்.

திருப்பூந்துருத்தியில் ஞானசம்பந்தர் சிவிகையில் எழுந்தருளியபொழுது, முதுமையுற்ற அப்பர் பெருமான் கூட்டத்தோடு கூட்டமாய்ப் புகுந்து, ஒருவரும் அறியாமல் அச்சிவிகையைத் தாங்கி வந்தார். அப்பர் எங்குள்ளார் என்று பிள்ளையார் வினவ, உம் அடிகளைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்குள்ளேன் என்றார். சிவிகை தந்தவன் அரத்துறை இறைவன்; தாங்கியவர் அப்பர். அவ்விளைஞரின் பெயரை நான் கேட்கத் தவறிவிட்டேன்.

அதன்பின் என் மனைவியார் நம் ஊர்க் கோயிலுக்கும் வரத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை காலையில் எங்களுக்கு நாற்காலி வேண்டும். மற்றைய நாள்களில் அது திண்ணையில் சும்மா நின்றது. அடுத்த தெருவிலிருந்து ஒருவர் தம் தாயாருக்காகத் தயங்கித் தயங்கி இரவல் கேட்டார். பிறகு வேறொருவர். இப்பொழுது திண்ணைச் சுவரில் நாட்காட்டி ஒன்று தொங்குகின்றது. எந்நாளில் யார் கொண்டுசெல்வார் என்பதை என் மனைவியாரே அதில் குறித்துவைக்கின்றார். கட்டணம் இல்லை. துடைத்துக் கொண்டுவந்து விடவேண்டும், அவ்வளவே. சென்ற வாரம் திரும்பி வந்தபொழுது முன்சக்கரம் சுழலவில்லை. நோக்கினால், அச்சில் மல்லிகைச் சரத்து நார் இறுகச் சுற்றியிருந்தது. ஊசியால் அதை எடுத்து, இரண்டு துளி எண்ணெய் விட்டு வைத்திருக்கின்றேன். பிரதோடத்தன்று கேட்டிருப்பவர் காலையிலேயே வந்துவிடுவார்.